யார் கூற்று, யாருக்கு, எப்போது? பெயரற்ற மாந்தரின் துண்டுக் கதைகளைப் படிப்பது பற்றி

சிதறல் வடிவில் எழுதப்பட்ட நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். யார் பேசுகிறார் என்று தெரியவில்லை என்பது ஒன்று. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் தொடர்பு இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான குறைகள். இவற்றைச் சொல்பவரை ரசனை போதாதவர் என்று ஒதுக்கிவிடுவது, சோதனை எழுத்துக்கு வக்காலத்து வாங்குவோர் அந்த எழுத்துக்கே செய்யும் தீங்கு. வாசகர் தம் நேரத்தைக் கொடுக்கிறார். தம்மிடமிருந்து எது மறைக்கப்படுகிறது, எதற்காக என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. கடந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் வந்த சில நூல்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

பெயர் சொல்லாமல் விடுவதும் துண்டு துண்டாகச் சொல்வதும் வெவ்வேறு உத்திகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். போர்த்துகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ 1995இல் எழுதிய பார்வையிழப்பு பற்றிய நாவலில் யாருக்கும் பெயர் இல்லை. மருத்துவர், மருத்துவரின் மனைவி, முதலில் பார்வை இழந்தவர் என்றே எல்லோரும் அறியப்படுகிறார்கள். ஆனால் கதை நேர்க்கோட்டில்தான் ஓடுகிறது. ஹூலியோ கொர்த்தசார் 1963இல் வெளியிட்ட நாவலின் 155 அத்தியாயங்களை வரிசை மாற்றியும் படிக்கலாம் என்று ஆசிரியரே அட்டவணை கொடுக்கிறார். அங்கே மாந்தருக்குப் பெயர் உண்டு. இங்கிலாந்தின் பி. எஸ். ஜான்சன் 1969இல் தம் நாவலை 27 தனித்தனிப் பகுதிகளாக ஒரு பெட்டிக்குள் வைத்து விற்றார். முதலும் முடிவும் தவிர மற்ற 25 பகுதிகளையும் எந்த வரிசையிலும் படிக்கலாம். புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவு வரிசையாகவா வருகிறது என்பது அவர் தரப்பு வாதம்.

தொடர்ச்சி அறுந்தாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பெயர் இல்லாவிட்டால் சம்பவ வரிசை கைகொடுக்கும். இரண்டையும் ஒரே நூலில் எடுத்துவிடும்போதுதான் வாசகர் தனித்து விடப்படுகிறார். இந்தக் கட்டுரையின் அக்கறை அத்தகைய நூல்களும் அவற்றுக்கு மிக அருகில் நிற்கும் சிலவும்.

இதை முழு உணர்வோடு தொடங்கியவர்களில் நதாலி சரோத்தை முதலில் சொல்ல வேண்டும். 1900இல் ரஷ்யாவில் பிறந்து பாரிஸில் வளர்ந்து வழக்கறிஞரானவர். 1932 முதல் எழுதிவந்த சிறு பகுதிகளைத் தொகுத்து 1939இல் ‘த்ரொபீஸ்ம்’ என்ற மெல்லிய நூலாக வெளியிட்டார். அப்போது அதை ஏறக்குறைய யாரும் கவனிக்கவில்லை. 1957இல் மறுபதிப்பு வந்த பிறகே பிரெஞ்சுப் புதுநாவல் இயக்கத்தின் முன்னோடி நூலாகப் பேசப்பட்டது. தாவரம் ஒளியை நோக்கித் தன்னையறியாமல் வளைவதைக் குறிக்கும் உயிரியல் சொல்லே தலைப்பு. உள்ளே இருப்பவை ஒன்றிரண்டு பக்கமே உள்ள தனிக்காட்சிகள். கடைச் சன்னலில் அடுக்கிய வெள்ளைத் துணிகளின் முன் கூட்டம் தேங்கி நிற்கிறது. தேநீர்க் கடையில் பெண்கள் ஓயாமல் பேசுகிறார்கள். ஒரு முதியவர் சிறுவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார். அவன், அவள், அவர்கள் என்பதற்கு மேல் யாரையும் பற்றித் தகவல் இல்லை. ஒரு காட்சியில் வந்தவர் அடுத்ததில் வருகிறாரா என்றும் சொல்ல முடியாது.

ஏன் இப்படி? 1956இல் வந்த தம் கட்டுரை நூலில் சரோத் காரணத்தைத் தெளிவாகவே வைக்கிறார். பெயர், முகம், சொத்து, தொழில் எல்லாவற்றோடும் வரும் நாவல் மாந்தரை எழுதுபவரும் நம்பவில்லை, படிப்பவரும் நம்பவில்லை என்பது அவர் வாதம். காஃப்காவின் நாயகன் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டதை அவர் சான்று காட்டுகிறார். அவர் எழுத விரும்பியது பேச்சுக்கு அடியில் ஒரு கணம் நிகழும் அசைவு. கூசுதல், பின்வாங்குதல், மற்றவரைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தல். இவை எல்லோரிடமும் நிகழ்பவை. பெயர் கொடுத்துவிட்டால் “ஓ, அவள் சுபாவமே அப்படி” என்று நாம் ஒரு ஆள்மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவோம். பெயரை எடுத்துவிட்டால் அந்தக் கூச்சம் நம்முடையதாகிறது. நூலைப் படித்துப் பார்த்தால் இந்த வாதம் பலிக்கிறது. முதியவர் சிறுவனின் கையைப் பிடித்திருக்கும் பக்கத்தில், அன்பு எப்படி மூச்சை அடைக்கும் என்பதை நாம் சிறுவனாகவும் இருந்து உணர்கிறோம், முதியவராகவும் இருந்து உணர்கிறோம். பெயர் இருந்திருந்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்போம்.

தமிழில் படித்து வளர்ந்தவருக்கு இந்த இடத்தில் அகப்பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. நெடுநல்வாடையில் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளமாகிவிடுகிறது என்பதால் அது அகமா புறமா என்ற வழக்கு உரையாசிரியர் காலத்திலிருந்து நீள்கிறது. அந்த அளவுக்குக் கண்டிப்பான விதி. குறுந்தொகையின் ஒவ்வொரு பாட்டும் ஒரு துண்டுதான். ஒரு கணம், ஒரு குரல். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்று பாட்டு சொல்வதில்லை. பிற்காலக் கோவை நூல்கள் இத்தகைய துண்டுகளையே முதற்பார்வையிலிருந்து உடன்போக்கும் மணமும் பிரிவும் வரை வரிசைப்படுத்தின. திருக்கோவையாரின் 400 பாட்டும் அப்படிக் கோத்தவை. அதிலும் பெயர் பெறுபவர் தில்லை இறைவனே. காதலிப்பவனுக்கும் காதலிப்பவளுக்கும் பெயர் கிடையாது.

நம்மிடம் எல்லாம் முன்பே இருந்தது என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அகப்பாட்டை நாம் எப்படிப் படித்தோம் என்பதே இங்கே முக்கியம். பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: தலைவன் பிரிந்தவிடத்துத் தோழிக்குத் தலைவி சொன்னது என்பது போல. யார், யாருக்கு, எந்த நிலையில் என்ற மூன்றும் அதில் அடங்கிவிடும். அந்தக் கூற்றுக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் பல பாடல்கள் தலைவி கூற்றா தோழி கூற்றா என்று தீர்மானிக்க முடியாமல் போகும். உரைகாரர்களே சில இடங்களில் வேறுபடுகிறார்கள். தவிரவும், முல்லையா நெய்தலா, மாலையா யாமமா என்ற திணை மரபு மீதியைச் சொல்லிவிடும். பெயர் இல்லை என்றாலும் கவிஞரும் கேட்பவரும் பகிர்ந்துகொண்ட ஒரு பெரிய ஏற்பாடு இருந்தது.

இன்றைய துண்டு நாவலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு நூலும் தனக்கான திணையைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கூற்றுக் குறிப்பை வாசகர் எழுத வேண்டும். இத்தகைய நூல்களை மதிப்பிட நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதிலிருந்து வருவதுதான். அந்தக் குறிப்பை எழுதுமளவு தடயங்களை நூல் கொடுக்கிறதா? பெயரை விட்டதற்கும் தொடர்ச்சியை அறுத்ததற்கும் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறதா?

மெக்சிகோவின் யுவான் ருல்ஃபோ எழுதிய ‘பெத்ரோ பாராமோ’ (1955) இந்த அளவுகோலுக்கு நல்ல சோதனை. முக்கிய மாந்தருக்குப் பெயர் உண்டு. ஆனால் எண்ணிடப்படாத சிறு பகுதிகளில் வரும் குரல்கள் பலவற்றுக்கு உடையவர் யார் என்று அங்கேயே சொல்லப்படுவதில்லை. தாய் இறந்தபின் தந்தையைத் தேடி கொமாலா என்ற ஊருக்கு வருகிறான் ஒரு மகன். சந்திப்பவர்கள் ஒவ்வொருவராக இறந்தவர்கள் என்று தெரிகிறது. நூலின் நடுவில், நமக்குக் கதை சொல்லிவரும் அவனே இறந்து புதைக்கப்பட்டவன் என்றும் அவன் பேசிக்கொண்டிருப்பது அதே குழியில் கிடக்கும் ஒரு பெண்ணிடம் என்றும் புரிகிறது. அந்த இடத்தில் முதற்பகுதி முழுவதன் கூற்றுக் குறிப்பும் மாறிவிடுகிறது. வாசகரிடம் சொன்னது என்று நினைத்திருந்தோம். குழிக்குள் அருகில் கிடந்தவளிடம் சொன்னது அது. காலவரிசை ஏன் இல்லை என்பதற்கும் விடை கிடைக்கிறது: இறந்தவர்களுக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான். வடிவமும் காரணமும் இந்த அளவுக்கு ஒட்டிக்கொண்ட நூல் வேறு எனக்குத் தெரியாது. கார்சியா மார்க்கேஸ் மெக்சிகோவுக்கு வந்த புதிதில் இந்நூலைக் கையில் வாங்கிய இரவே இரண்டு முறை படித்து முடித்ததாக எழுதியிருக்கிறார். இரண்டாம் முறை இல்லாமல் இந்த நூலைப் படித்ததாகவே சொல்ல முடியாது.

மார்கரித் துராஸ் எழுதி அலென் ரெனே இயக்கி 1959இல் வந்த ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ திரைப்படத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண், ஒரு ஜப்பானிய ஆண். கடைசிவரை பெயர் இல்லை. முடிவில் ஒருவருக்கொருவர் பெயர் இடுகிறார்கள். அவன் ஹிரோஷிமா, அவள் நெவெர். போர் அவரவர்மேல் விழுந்த ஊரே அவரவர் பெயர். அதுவரை பெயரை நிறுத்திவைத்ததற்குக் காரணம் அந்த இடத்தில் வந்து சேர்கிறது.

அமெரிக்கரான டேவிட் மார்க்சன் வேறு திசையில் போனவர். 54 பதிப்பாளர்கள் மறுத்தபின் 1988இல் வெளிவந்த அவரது நாவலில், உலகில் தான் ஒருத்தியே மிச்சம் என்று நம்பும் ஒரு பெண் ஒற்றை வாக்கியப் பத்திகளாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். அது அபாரமான நூல். தனிமை ஒரு மனத்தின் நினைவுகளை எப்படிக் கலைத்துப் போடுகிறது என்பதைச் சிதறிய வாக்கியங்களே காட்டுகின்றன. பிற்கால நூல்களில் கதைசொல்பவர் வெறும் ‘எழுத்தாளர்’ அல்லது ‘நாவலாசிரியர்’. அவரைச் சுற்றி மேற்கத்தியக் கலைஞர்களின் பெயர்களும் அவர்கள் இறந்த விதங்களும் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பெயர்களின் கூட்டத்துக்கு நடுவே பெயரில்லாத முதியவர் ஒருவர் தம் மரணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது மெல்லப் புரியும். ஆனால் அந்தப் பெயர்களில் பாதியாவது தெரிந்திருந்தால்தான் அது உறைக்கும். அந்நூல்களில் வாசகரிடம் கேட்கப்படுவது கவனத்தைவிடப் பொது அறிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிதறல் எல்லாமே ஆசிரியரின் திட்டம் என்று கொள்ளக்கூடாது என்பதற்கு பெர்னாந்து பெசோவா எச்சரிக்கை. 1935இல் அவர் இறந்தபோது பெட்டியில் கிடந்த தாள்களிலிருந்து ‘அமைதியின்மையின் நூல்’ 1982இல்தான் அச்சேறியது. ஒவ்வொரு பதிப்பாசிரியரின் வரிசையும் வேறு. அதில் ரகசிய ஒழுங்கைத் தேடி அலைவது வீண்.

அண்மைக்கால நூல்களில் ஜென்னி ஆஃபிலின் 2014ஆம் ஆண்டு நாவல் அளவில் சிறியது, வேலையில் பெரியது. நியூயார்க்கில் வாழும் ஒரு பெண் எழுத்தாளர் தன் மண வாழ்க்கையை நான்கைந்து வரித் துண்டுகளாகச் சொல்கிறாள். கணவன், மகள் எவருக்கும் பெயர் இல்லை. பாதிவரை ‘நான்’ என்று பேசுகிறாள். கணவனுக்கு வேறொரு பெண்ணோடு உறவு என்று தெரியவரும் கட்டத்தில் அந்த ‘நான்’ மறைந்து ‘மனைவி’ என்று படர்க்கையாகிவிடுகிறது. யாரும் அதை விளக்குவதில்லை. தன் வலியைத் தான் என்று சொல்லப் பொறுக்காமல் ஒரு பெண் தன்னிலிருந்து விலகி நின்று பார்க்கிறாள் என்பதை அந்த மாற்றம் ஒன்றே உணர்த்திவிடுகிறது. அவளுக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் இந்தத் திருப்பமே சாத்தியமில்லை. பெயர் எல்லா நிலையிலும் அதே பெயராகத்தான் இருக்கும். ‘நான்’ மட்டுமே ‘அவள்’ ஆக முடியும்.

ஹான் காங்கின் வெண்மை பற்றிய நூலை (2016) நான் இவ்வகையின் உச்சமாகக் கருதுகிறேன். உப்பு, பனி, அரிசி, நிலா, குழந்தையைச் சுற்றும் துணி என்று வெண்பொருள்களின் தலைப்பில் சிறுசிறு பகுதிகள். அடியில் இருப்பது ஒரு நிகழ்ச்சி. ஆசிரியர் பிறப்பதற்கு முன், அவருடைய தாய் தனியாக இருந்த வீட்டில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். இறந்துவிடாதே என்று தாய் திரும்பத் திரும்பக் கெஞ்சியும் இரண்டு மணி நேரத்தில் குழந்தை இறந்தது. அந்த அக்கா பிழைத்திருந்தால் தான் பிறந்திருக்க மாட்டேன் என்பதே ‘நான்’ சுமக்கும் எண்ணம். முதற்பகுதி ‘நான்’, இரண்டாம் பகுதி ‘அவள்’. அந்த இரண்டாம் பகுதியில் ஆசிரியர் தம் உடலையும் நாட்களையும் அக்காவுக்கு இரவல் கொடுக்கிறார். போரில் தரைமட்டமாகி மீண்டும் கட்டப்பட்ட ஒரு நகரில் அந்த ‘அவள்’ நடக்கிறாள். அது வார்சா என்று நூல் பெயர் சொல்வதில்லை. பெயர் பெறும் அளவுகூட வாழாதவளைப் பற்றிய நூலில் எவருக்கும் பெயர் இருக்க முடியாது. துண்டுகளுக்கு இடையே விடப்பட்ட வெற்றுப் பக்கமும் வெண்மைதான். ஆசிரியருக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தபின் தமிழிலும் அவர் பெயர் நிறையவே அடிபட்டது. பேசப்பட்ட அளவுக்கு இந்நூல் படிக்கப்பட வேண்டும்.

2018இல் புக்கர் பரிசு பெற்ற ஆனா பர்ன்ஸின் ‘மில்க்மேன்’ துண்டு வடிவில் இல்லை. நீண்ட பத்திகளால் ஆனது. எனினும் பெயரின்மைக்கு அதைவிட வலுவான காரணம் காட்டிய நூல் குறைவு. வட அயர்லாந்தின் கலவர ஆண்டுகள். பெயரைக் கேட்டாலே எந்த மதத்தவர், எந்தப் பக்கத்தவர் என்று தெரிந்துவிடும் ஊர். எந்தப் பெயர் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று பட்டியலே உண்டு. கதை சொல்லும் பதினெட்டு வயதுப் பெண் நடுச்சகோதரி. மற்றவர்கள் மூன்றாம் அக்கா கணவர், காதலனாக இருக்கக்கூடியவன், சின்னத் தங்கைகள். பெயர் வைத்து எழுதிப் பார்த்தபோது நாவல் வலுவிழந்தது என்று பர்ன்ஸ் சொல்லியிருக்கிறார். ஆங்கில விமர்சகர்கள் பலருக்கு வினோதமாகத் தெரிந்த இந்த அழைப்புமுறை நமக்கு வினோதமே இல்லை. பெரியவன், நடுவிலவள், சின்ன மாமனார், மேலத்தெரு அத்தை என்று பெயரே காதில் விழாமல் ஒரு குடும்பக் கதையை முழுதாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கணவர் பெயரை வாயால் சொல்லாமலே வாழ்ந்து முடித்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். ஒருவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதை உறவுச்சொல் பெயரைவிடத் துல்லியமாகக் காட்டும்.

தமிழில் ஒரு பெயர் சாதியையும் மதத்தையும் வட்டாரத்தையும் பல நேரம் சொல்லிவிடுகிறது. ஆகவே பெயரை நீக்குவது இங்கே வலுவான செயலாக இருக்க முடியும். வாசகரின் ஆயத்தமான தீர்ப்பைப் பிடுங்கிக்கொள்ளலாம். நடைமுறையில் நேர்வது பெரும்பாலும் வேறு. பெயரற்ற ‘அவன்’ என்றதும் படித்த, நகரத்து, இன்ன சாதி என்று சொல்லத் தேவையில்லாத ஓர் ஆணையே எழுதுபவரும் படிப்பவரும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அப்போது பெயரின்மை எதையும் கேள்வி கேட்பதில்லை. கேள்வியிலிருந்து தப்பிக்க உதவுகிறது. இது நம் சோதனை எழுத்தின்மேல் எனக்குள்ள முதன்மையான மனக்குறை.

நம்மிடம் முன்னோடிகள் உண்டு. மௌனி 1930களிலேயே ‘அவன்’, ‘அவள்’ என்ற சுட்டுகளை வைத்து, நிகழ்ச்சியைவிட நினைவின் அலைகளைக் கதையாக்கினார். புதுமைப்பித்தன் அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார். திருவனந்தபுரத்தில் இருந்து எழுதிய நகுலன் ‘நினைவுப்பாதை’யில் (1972) நாட்குறிப்பும் உரையாடலும் கவிதையுமாகக் கலைந்த ஒரு மனத்தைப் பக்கங்களில் பரப்பினார். சாரு நிவேதிதாவின் ‘ஸீரோ டிகிரி’ 1998இல் சிதறலை எல்லை வரை கொண்டுபோனது. மூவரில் நகுலனையே நான் மிக நெருக்கமாக உணர்கிறேன். அவரிடம் சிதறல் உத்தியாகத் தெரிவதில்லை. மனம் அப்படித்தான் இருக்கிறது, எழுத்து அதன்பின் போகிறது.

இவ்வடிவம் எளிதாகப் போலியாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணமான ஒரு வாக்கியத்தை எழுதி அதன் கீழே நான்கு வரி இடம் விட்டால் அது ஆழமானது போலத் தோன்றும். காட்சியைக் கட்டத் தெரியாமை, இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே காரணம் யோசிக்காத சோம்பல் எல்லாவற்றையும் இடைவெளி மூடிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துண்டுகளின் இடத்தை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். எங்கே வைத்தாலும் ஒன்றுபோலவே இருந்தால் அந்த வரிசைக்குப் பின்னால் யோசனை இல்லை. ஆஃபிலின் ‘மனைவி’ என்ற திருப்பத்தை முப்பது பக்கம் முன்னால் நகர்த்த முடியாது. கொமாலாவின் குழியை முதற்பக்கத்தில் திறக்க முடியாது. ஜான்சன் போலக் கலைத்துப் படிக்கச் சொல்பவர்கூட முதலையும் முடிவையும் கட்டிவைத்தார்.

இந்த நூல்கள் பெரும்பாலும் நூறு முதல் இருநூறு பக்கத்துக்குள் அடங்குபவை. பேருந்தில் ஐந்து பக்கம், இரவில் மூன்று பக்கம் என்று பிய்த்துப் படித்தால் ஏற்கெனவே துண்டானது தூளாகிவிடும். ஓரிரு அமர்வில் முடிக்கப் பாருங்கள். முதல்முறை புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். முன்னால் புரட்டி யார் என்று சரிபார்க்கவும் வேண்டாம். கதைச்சுருக்கத்தை முன்கூட்டிப் படிப்பது மட்டும் கூடவே கூடாது. யார் என்று ஊகித்துத் தவறாகப் போவதும் இந்நூல்களில் வாசிப்பின் பகுதியே. இரண்டாம் முறை பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் யார் கூற்று, யாருக்கு, எப்போது என்று ஒரு வரி எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். தன்மை படர்க்கையாகும் இடத்தையும் இறந்தகாலம் நிகழ்காலமாகும் இடத்தையும் அடிக்கோடிடுங்கள். முடித்தபின் அந்த ஓரக்குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் நாவலின் எலும்புக்கூடு தெரியும். கேள்விக்குறிகள் எங்கே கூடுகின்றன என்பதும் தெரியும். நல்ல நூலில் அவை ஆசிரியர் வேண்டுமென்றே இருட்டாக விட்ட இடத்தில் கூடும்.

புதிதாகத் தொடங்குபவர் ஹான் காங்கின் வெண்மை நூலை முதலில் எடுக்கலாம். அதன்பின் ஆஃபில், பிறகு ருல்ஃபோ. சரோத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கண்ணுக்கே அவர் திறந்து கொடுப்பார். இரண்டாம் வாசிப்பிலும் ஓரத்தில் ஒரு வரி எழுத இடம் தராத நூலை, அதற்கு எத்தனை பரிசு கிடைத்திருந்தாலும், குற்ற உணர்வு இல்லாமல் கீழே வைத்துவிடுங்கள்.